பிடிக்கத் தெரிந்தால் போதாது

இலங்கையில், மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வில்கமுவ. கிழக்கே மகாவலி ஆறு, வடக்கே வஸ்கமுவ தேசியப் பூங்கா, தென்மேற்கே 1,900 மீட்டர் வரை உயரும் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஹெட்டிப்பொல கடைத்தெருவைத் தாண்டினால் வயலும் சேனையும். அதற்கப்பால் பாலை, வீரை, முதிரை மரங்கள் நிறைந்த உலர்காடு. மலைப்பக்கம் ஏற ஏற ஈரக்காடு, ஓடை, பாசி படிந்த பாறை. சொரசொரப்பான மரப்பட்டை, வழுக்கும் கல், பளபளக்கும் இலை, சுண்ணாம்பு பூசிய சுவர், எருமையின் தோல் என்று இந்த ஒரு பிரதேசத்திலும் அதன் அயலிலும் எத்தனையோ வகை மேற்பரப்புகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் உயிர் விழாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

பலமாகப் பிடிப்பதால்தான் அவை விழுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பிடிப்பதற்குத் தசை சுருங்க வேண்டும். சுருங்கிய தசை விரைவில் களைக்கும். ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள், சில நிமிடங்களில் விரல்கள் தாமாகவே விரியும். ஆனால் வௌவால் பகல் முழுவதும் தொங்குகிறது, பல்லி சுவரில் மணிக்கணக்காக அசையாமல் இருக்கிறது. அவற்றுக்கு நம்மைவிட அதிக பலம் இருப்பதால் அல்ல. களைக்காமல் பிடிக்கவும் வேண்டிய நொடியில் விடவும் அவற்றின் உடல் அமைந்திருக்கிறது. இந்த இரண்டில் விடுவதுதான் பெரிய வித்தை.

நகம் என்னும் கொக்கி

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ, கரடிகளுக்குப் பெயர்போனது. பாலைப் பழம் பழுக்கும் காலத்தில் இவை மரத்தில் ஏறும். விரல்களில் இருக்கும் நீண்ட நகங்கள் புற்றைக் கிண்டவும் உதவும், பட்டையில் மாட்டிக்கொள்ளவும் உதவும். தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். கரடி இனங்களில் இதை வழக்கமாகக் கொண்டது இங்கு வாழும் இந்த இனம் மட்டுமே. தோளிலும் முதுகிலும் அடர்ந்து நீண்ட உரோமம் குட்டிக்குக் கைப்பிடியாகிறது. ஏறத்தாழ ஒன்பது மாதம் வரை இந்தச் சவாரி தொடரும். தாய் ஓடினாலும், சிறுத்தையை எதிர்த்து எழுந்து நின்றாலும், குட்டி முதுகை விடுவதில்லை.

கொக்கி மாட்டுவதற்கு மேற்பரப்பில் மேடுபள்ளம் வேண்டும். நகத்தின் நுனி அந்தப் பள்ளத்தைவிடச் சிறியதாக இருந்தால் மாட்டும், பெரியதாக இருந்தால் வழுக்கும். கரடிக்குப் பாலை மரத்தின் வெடித்த பட்டை போதும். நக்கிள்ஸ் பாறைகளில் வாழும் சின்னஞ்சிறிய பகல் பல்லிகளும் நகத்தையே நம்புகின்றன. வீட்டுப் பல்லியைப்போல அகன்ற மெத்தை விரல்கள் அவற்றுக்கு இல்லை. மெலிந்த விரலும் கூரிய நகமும்தான். கண்ணாடியில் விட்டால் தடுமாறும் இவை கருங்கல்லில் தலைகீழாக ஓடும்.

எருமையின் காதோரம் ஒட்டியிருக்கும் உண்ணி இந்தக் கொக்கியை வாயில் வைத்திருக்கிறது. தோலுக்குள் அது செலுத்தும் வாயுறுப்பில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போகும்போது தடையில்லை, வெளியே இழுத்தால் ஒவ்வொரு முள்ளும் எதிர்த்து நிற்கும். பல உண்ணி இனங்கள் உமிழ்நீருடன் ஒரு பசையையும் சுரந்து, அது இறுகிச் சீமெந்தாக மாறியதும் நாட்கணக்கில் குருதி குடிக்கின்றன. குடித்து முடிந்ததும் தானாகவே கழன்று விழும். நாம் அதை அகற்ற வேண்டுமானால், மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும்.

காற்றின் எடையே பிடியாகும்போது

மழைக்காலத்தில் நக்கிள்ஸ் அடிவாரக் காட்டுப்பாதையில் நடப்பவர்களுக்கு அட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் அட்டைத் தொல்லையை விவரமாக எழுதியிருக்கிறார். எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து, தடியில் கட்டி, நடந்தபடியே காலில் தட்டிக்கொள்ளும் வழக்கம் அன்று மக்களிடம் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். மலையகத் தோட்டங்களிலும் உப்பும் எலுமிச்சையும் அட்டைக்கு மருந்தாக இருந்து வந்திருக்கின்றன.

அட்டையின் உடலில் இரண்டு உறிஞ்சிகள் உண்டு. முன்னே சிறியது, அதற்குள் வாய். பின்னே பெரியது, அதுதான் நங்கூரம். உறிஞ்சியின் விளிம்பைத் தோலில் பதித்து, சளியால் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு, நடுப்பகுதியைத் தசையால் மேலே தூக்கும். உள்ளே அழுத்தம் குறையும். அதற்குப் பிறகு அட்டையைத் தோலோடு அழுத்திப் பிடித்திருப்பது வெளியே உள்ள காற்றுதான். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. காற்றில் இயங்கும் உறிஞ்சி எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அதன் பிடி இந்த அளவைத் தாண்டாது.

உறிஞ்சியின் பலவீனமும் அதன் விளிம்பில்தான். ஓர் இடத்தில் காற்றுப் புகுந்தால் முழுப் பிடியும் போய்விடும். ஆகவே அட்டை கடித்தால் நெருப்பு வைக்கவோ, பிய்த்து இழுக்கவோ வேண்டாம். நெருப்பும் உப்பும் பட்ட அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். அட்டையின் மெல்லிய முனையில் உள்ள உறிஞ்சியின் ஓரத்தில் விரல் நகத்தைச் செருகி நகர்த்தினால் போதும், முன்பக்கம் விடும். பின்பு மற்றப் பக்கத்தையும் அப்படியே.

ஓடைகளில் இதே உத்தியை மீன் கையாள்கிறது. இலங்கைக்கே உரிய கார்ரா சிலோனென்சிஸ் என்ற கல்லொட்டி மீனுக்கு வாய் தலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் தாடையில் தடித்த வட்டத் தகடு ஒன்று. அதைக் கல்லில் பதித்து, அகன்ற மார்புத் துடுப்புகளைப் பக்கவாட்டில் விரித்து நின்றால், பாய்ந்து வரும் நீரின் விசையே அதைக் கீழ்நோக்கி அழுத்தும். நீரின் வேகத்தை எதிர்த்து நீந்தவேண்டிய பலத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, கல்லில் வளரும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஸ்பாக்களில் மனிதர்களின் காலைக் கொறிக்க விடப்படும் மேற்காசிய மீன் இதன் நெருங்கிய உறவு.

ஈரத்தால் ஒட்டுதல்

மரத்தவளையின் விரல் நுனியில் வட்டமான தட்டு இருக்கும். அதை நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோண வடிவக் கலங்கள் தளக்கல் பதித்ததுபோல் அடுக்கியிருப்பதும் அவற்றுக்கிடையே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுவதும் தெரியும். சுரப்பிகளிலிருந்து வரும் சளி அந்த வாய்க்கால்களில் பரவி, விரலுக்கும் இலைக்கும் இடையே மிக மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. படலத்தின் மேற்பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். மழை கொட்டும்போது மிகுதி நீர் வாய்க்கால் வழியே வெளியேறும். இதனால்தான் நனைந்த இலையிலும் தவளை வழுக்குவதில்லை. தலைகீழாக இருக்கும்போது தவளை கால்களை உடலிலிருந்து வெளியே அகட்டி வைக்கும். அப்போது இழுவை இலைக்கு ஏறத்தாழ இணையாக விழும். விரல் உரிந்து வராது.

நக்கிள்ஸில் மட்டுமே வாழும் நன்னோப்ரிஸ் மார்மொராட்டா என்ற பாறைத் தவளையின் தலைப்பிரட்டை இன்னும் விசித்திரமானது. அது குளத்தில் நீந்துவதில்லை. நீர் கசியும் பாறை முகத்தில், ஒரு தாள் அளவே தடித்த நீர்ப்படலத்தில், தட்டையான உடலை ஒட்டிக்கொண்டு வளர்கிறது. தொந்தரவு செய்தால் நீண்ட வாலை அடித்துப் பாறையிலேயே துள்ளி நகரும்.

வில்கமுவவின் மாந்தோப்புகளில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு இந்தக் கலையில் பெரும் வித்தகன். கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில் தலைகீழாக நின்று, தன் உடல் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும் என்பது ஆய்வகத்தில் அளந்து அறியப்பட்டது. பாதத்தில் இரு நகங்களுக்கிடையே மென்மையான மெத்தை ஒன்று மடிந்து கிடக்கிறது. அதில் மெல்லிய எண்ணெய்த்தன்மையான திரவம் சுரக்கும். ஓடும்போது மெத்தையின் ஒரு சிறு பகுதி மட்டுமே தரையைத் தொடும். அதனால் காலை எடுப்பது எளிது. எவரேனும் இழுத்தாலோ காற்று அடித்தாலோ, காலில் ஏற்படும் இழுவையே மெத்தையை முழுதாக விரித்துவிடும். எறும்பு யோசித்து விரிக்கவேண்டியதில்லை, இழுப்பவனின் பலமே பிடியை இறுக்குகிறது. இலைகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கும் முசுறுச் சங்கிலி அறுந்து விழாமல் இருப்பதற்கு இந்தப் பாதமும் ஒரு காரணம்.

சுவரில் ஓடும் பௌதிகம்

பசையில்லை, ஈரமில்லை, உறிஞ்சியுமில்லை. ஆனாலும் பல்லி கூரைத்தட்டில் தலைகீழாக ஓடுகிறது. மரத்தில் தலைகீழாகவும் ஓடும் பல்லியின் திறனை அரிஸ்டோட்டிலே குறித்து வைத்திருக்கிறார். அதற்கான விடை 2000ஆம் ஆண்டில்தான் தெளிவாகத் தொடங்கியது. கெல்லர் ஓட்டம், ரொபர்ட் ஃபுல் ஆகியோர் அடங்கிய அமெரிக்க ஆய்வுக்குழு, தென்கிழக்காசியாவின் பெரிய டோக்கே பல்லியின் பாதத்திலிருந்து ஒரே ஒரு மயிரைப் பிரித்தெடுத்து அதன் பிடிவிசையை அளந்தது.

டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் மனித மயிரின் பத்தில் ஒரு பங்கு தடிப்பு. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. கிளை ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மில்லிமீற்றரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள தட்டையான நுனி. எந்த இரண்டு பொருளின் மூலக்கூறுகளும் மிக மிக அருகில் வந்தால் ஒன்றையொன்று சிறிதளவு ஈர்க்கும். வான்டர் வால்ஸ் விசை என்று நெதர்லாந்துப் பௌதிகவியலாளரின் பெயரால் அழைக்கப்படும் இந்த ஈர்ப்பு, சில நனோமீற்றர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். நம் உள்ளங்கை சுவரைத் தொடும்போது உண்மையில் சில மேடுகள் மட்டுமே அவ்வளவு நெருங்குகின்றன. பல்லியின் நுனிகளோ சுவரின் ஒவ்வொரு நுண்பள்ளத்துக்குள்ளும் நுழைந்து நெருங்கிவிடுகின்றன. நான்கு பாதங்களிலும் உள்ள மயிர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒட்டினால் இரண்டு வளர்ந்த மனிதர்களின் எடையைத் தாங்கும் என்பது கணக்கு. பல்லி அந்தத் திறனில் மிகச் சிறிய பகுதியையே பயன்படுத்துகிறது.

இவ்வளவு பலமாக ஒட்டிய பாதத்தை எப்படி எடுப்பது? மயிருக்கும் சுவருக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டினால் ஒட்டு தானாகவே விட்டுப்போகும். பல்லி ஒவ்வோர் அடியிலும் விரல் நுனிகளை மேல்நோக்கிச் சுருட்டி இந்தக் கோணத்தை மாற்றுகிறது. ஒட்டுநாடாவை ஓரத்தைத் தூக்கி உரிப்பது போலத்தான் இது. ஒரே இழுவையில் பிடுங்க முடியாதது ஓரத்திலிருந்து எளிதில் வந்துவிடும். பாதத்தில் தூசி படிந்தால் சில அடிகள் நடந்ததும் அது தானாகவே சுவரில் உதிர்ந்து, பாதம் மறுபடி சுத்தமாகிவிடும்.

2014இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உயிரோடு உள்ள பல்லியின் பிடியையும், அதே பல்லி இறந்த பின் அதன் பாதத்தின் பிடியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறந்த பின்னும் விசை குறையவில்லை. ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பல்லியின் உயிரோ உழைப்போ வேண்டியதில்லை என்பது இதில் உறுதியாயிற்று. உயிர் வேண்டியிருப்பது விடுவதற்குத்தான்.

ஏன் கரடி பல்லியைப்போல் ஒட்டுவதில்லை?

ஓர் உடலின் நீள அகல உயரம் இரட்டித்தால் அதன் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். ஆகவே உடல் பெருக்கப் பெருக்க, ஒட்டும் பரப்பு எடையை எட்டிப்பிடிக்க முடியாமல் பின்தங்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் லபொன்ட், வோல்டர் ஃபெடர்லே ஆகியோரும் அவர்களின் கூட்டாளிகளும் 2016இல் 225 சுவரேறும் விலங்கினங்களை ஒப்பிட்டார்கள். உடற்பரப்பில் ஒட்டும் மெத்தைக்கு ஒதுக்கும் பங்கு, நுண்ணிய சிற்றுண்ணிகளைவிடப் பல்லிகளில் ஏறத்தாழ 200 மடங்கு அதிகம். மனிதன் பல்லியைப்போல் சுவரில் ஏறவேண்டுமானால் அவன் உடற்பரப்பில் 40 சதவீதம் ஒட்டும் மெத்தையாக இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒட்டிக்கொண்டு வாழும் விலங்குகளின் உச்ச எல்லை பல்லி. அதற்கு மேல் பெரிதானவை நகத்துக்கும் கைக்கும் மாறிவிடுகின்றன.

பல்லியின் தத்துவத்தைச் செயற்கையாக உருவாக்கும் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், 70 கிலோ எடையுள்ள ஒருவரை, கைகளில் பிடித்த ஒட்டும் தகடுகளின் உதவியால் 3.6 மீற்றர் கண்ணாடிச் சுவரில் ஏறச்செய்தார்கள். எடையைத் தகடு முழுவதும் சமமாகப் பகிர்ந்தளித்ததே அவர்களின் வெற்றிக்குக் காரணம்.

கையும் வாலும் பூட்டும்

மரத்தில் வாழும் பெரிய உயிர்களுக்கு வளைத்துப் பிடிப்பதே வழி. பகலில் கொப்புகளுக்குள் சுருண்டு கிடந்து இரவில் மெல்ல நடக்கும் தேவாங்கு கால் கிலோ அளவே எடையுள்ளது. அதன் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக அகன்று நிற்கிறது. சுட்டுவிரல் குறுகி, பிடியின் அகலத்தைக் கூட்டுகிறது. கைகால்களில் இரத்தக்குழாய்கள் நுண்வலையாகப் பிரிந்து ஓடுவதால், நெடுநேரம் இறுகப் பிடித்திருக்கும் தசைக்கும் இரத்த ஓட்டம் தடைப்படாமல் கிடைக்கிறது என்று கருதப்படுகிறது. ஆனால் தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடுவதற்கு முன் அடுத்த கிளை கைக்கு எட்டவேண்டும்.

நக்கிள்ஸின் மேட்டுக் காட்டில் வாழும் கொஃபோட்டிஸ் தும்பரா என்ற குள்ள ஓணான் வாலைச் சுருட்டி ஐந்தாவது கையாக்கிக்கொள்கிறது. 2006இல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. முட்டையிடாமல் குட்டி போடும் இந்த ஓணான் கிளைகளில் மெதுவாகவே நகரும்.

வௌவால் தொங்குவதற்குத் தசைப்பலத்தையே செலவழிப்பதில்லை. அதன் விரல்களை மடக்கும் தசைநாணில் சிறு முடிச்சுகளும், அதைச் சூழ்ந்த உறையில் வரிப்பள்ளங்களும் உண்டு. உடல் எடை கீழே இழுக்கும்போது முடிச்சு பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். மின்கம்பியில் அடிபட்டு இறந்த பழந்தின்னி வௌவால்கள் நாட்கணக்கில் கம்பியிலேயே தொங்குவதை வீதியோரங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். பறவைகளின் காலிலும் இப்படி ஒரு தானியங்கிப் பூட்டு இருப்பதாகப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2012இல் ஐரோப்பிய மைனாக்களை ஆராய்ந்த பீட்டர் கோல்டன், ஜெஃப்ரி ஷெப்பர்ட் இருவரும், உறங்கும் பறவையின் விரல்கள் தாமாக இறுகுவதில்லை, அது கிளையின் மேல் சமநிலையில்தான் நிற்கிறது என்று காட்டினார்கள்.

பிறந்த குரங்குக்குட்டி தாயின் வயிற்று உரோமத்தை முதல் நாளிலிருந்தே பற்றிக்கொள்ளும். மனிதக் குழந்தையிடமும் இதன் மிச்சம் இருக்கிறது. லூயி ரொபின்சன் என்ற பிரித்தானிய மருத்துவர், பிறந்து ஒரு மாதத்துக்குட்பட்ட அறுபது குழந்தைகளை விரலிலோ சிறு தடியிலோ தொங்கவிட்டுப் பார்த்து, 1891இல் எழுதினார். இரண்டு குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாமே குறைந்தது பத்து விநாடி தொங்கின; மூன்று வார வயதுக் குழந்தை ஒன்று 2 நிமிடம் 35 விநாடி தாக்குப்பிடித்தது. இதை வீட்டில் எவரும் செய்து பார்க்க வேண்டாம். உள்ளங்கையில் விரலை வைத்தாலே குழந்தை இறுகப் பற்றுவதை உணரலாம்.

மற்றப் பாதி

பிடி என்பது விலங்கின் உடலில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி அது பற்றும் பொருளில் இருக்கிறது. கல்லொட்டி மீனின் தகடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மேட்டுநிலம் அரித்து வந்த சேறு கல்லின் மேல் படிந்துவிட்டால் விளிம்பு அடைபடாது, பாசியும் வளராது. ஏலச் செய்கைக்காகக் காட்டின் கீழ்த்தட்டுச் செடிகளை வெட்டினால் குள்ள ஓணானின் வாலுக்குச் சுற்றக் கொப்பு இல்லை. வீதி அகலமானால், இருபுறமும் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தேவாங்கு தரைக்கு இறங்க நேரும். அங்கே நாயும் வாகனமும் காத்திருக்கின்றன.

நக்கிள்ஸ் 2010 முதல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தளத்தின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் 2022 ஒக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் காட்டைத் தேவாங்குக்கென்றே கடவூர் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். இவை நல்ல செய்திகள். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, வயலோரத்திலும் வீதியோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் வாழும் உயிர்களே அதிகம். வீதி அகலப்படுத்தும்போது ஆங்காங்கே இரு பக்கக் கொப்புகளும் தொடும்படி சில மரங்களையாவது விட்டுவையுங்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் கயிற்றுப் பாலம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஓடைக்கரைச் செடிகளை வேரோடு பிடுங்காதீர்கள். காலில் ஏறிய அட்டையையும் நெருப்பால் சுடாமல் நகத்தால் தள்ளிவிடுங்கள். பிடிப்பதை அந்த உயிர்களே பார்த்துக்கொள்ளும். பிடிக்க ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே நம் பொறுப்பு.